பலகையில் ஐந்தாவது வரி

அன்பு மச்சான் காளிமுத்து,

நீ எங்கே இருந்தாலும் சரி, இதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே. உன் மாப்ள தங்கராசு எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போகிறது. போர்டு எழுதிப் பிழைக்கிறவனுக்கு எழுத்து கோணலாமா என்று கேட்பாய். கோணுகிறது மச்சான், என்ன செய்யச் சொல்கிறாய்?

இன்று வெள்ளிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து அபுதாபி முசஃபா கேம்ப்பில் பாதிப் பேர் தூங்குகிறார்கள், மீதிப் பேர் துணி துவைக்கிறார்கள். உன் கட்டிலில் இப்போது ஒரு நேபாளி படுத்திருக்கிறான். நல்ல மனுஷன். குறட்டை மட்டும் உன்னை மாதிரியே. நாளைக் காலை எட்டு மணிக்கு ஹெட் ஆபீசுக்கு வரச்சொல்லி எனக்கு ஆள் வந்துவிட்டது. எதற்கு என்று உனக்குத் தெரிந்திருக்கும். நீ செத்தது என் டூட்டியில் என்று நேற்று நான் வாயைத் திறந்து சொல்லிவிட்டேன்.

நானா சொன்னேன் என்று எனக்கே நம்பிக்கையில்லை. லிஃப்டில் தனியாக ஏற மாட்டேன், போலீஸ் வண்டியைப் பார்த்தால் எல்லாக் காகிதமும் சரியாக இருந்தும் சந்துக்குள் திரும்பிவிடுவேன். "ஒனக்குப் பயம் வயித்துலயே கூடப் பொறந்துருச்சுடா மாப்ளே" என்று நீ ரூம் முழுக்கக் கேட்கச் சொல்வாய். எனக்குக் கிடைத்த வேலையும் அப்படித்தான். சேஃப்டி போர்டு எழுதுவது. ஆபத்து, குழி, கிட்டே வராதே. நாள் முழுக்க ஊரைப் பயமுறுத்திவிட்டு சாயங்காலம் நான் பயந்துகொண்டு வருவேன்.

போன வருஷம் வெயில் காலத்தில் அந்தக் காய்ச்சல் வந்ததே, அதை நான் மறக்கவில்லை. அந்த மாதத்தில் ஏற்கெனவே எனக்கு இரண்டு ஆப்சென்ட். மூன்றாவது விழுந்தால் லீவு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். மகள் பிறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது, போட்டோவில்தான் பார்த்திருந்தேன். எப்படியாவது எழுந்து போய்விடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நீ என் கழுத்திலிருந்து டூட்டிக் கார்டைக் கழற்றினாய்.

"காச்சலோட மேல ஏறி, தலை சுத்தி விழுந்து தொலைச்சிராத. எனக்கு இன்னைக்கு ஆஃப்புதான? நாலு போர்டு மாட்டுறதுக்கு நான் போதாதா? பேசாமப் படு. வந்து கஞ்சி வச்சுத் தாரேன்."

ஒருத்தன் டூட்டியை இன்னொருத்தன் பார்ப்பது நம் கேம்ப்பில் புதிதில்லை. ஒருத்தன் கார்டை ஒருத்தன் பஞ்ச் பண்ணுவான், ஃபோர்மேன் தலையை எண்ணுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். கணக்குக்கு ஆள் இருந்தால் போதும். நீயும் எத்தனையோ பேருக்குப் போயிருக்கிறாய். ஏழாவது மாடியில் லிஃப்ட் குழிக்குப் பக்கத்தில் மாட்டவேண்டிய போர்டு. முதல் நாளே நான் மாட்டியிருக்க வேண்டியது. குழியை மூடியிருந்த பலகை உன் காலடியில் உடைந்தது. போர்டு உன் கையிலேயே இருந்ததாம்.

அந்தப் போர்டை ரிப்போர்ட்டில் யாரும் எழுதவில்லை. ஆஃப் நாளில் அனுமதியில்லாமல் சைட்டுக்குள் போனவன் என்று எழுதினார்கள். அந்த மாடியில் கேபிள் சுருள் வைத்திருந்தது. அதை எடுக்கத்தான் போயிருப்பான் என்று ஒரு பேச்சையும் கிளப்பிவிட்டார்கள். டைம்கீப்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் கார்டில் விழுந்த பஞ்சை அழித்துவிட்டதாகச் சொன்னார். "நீ அன்னிக்கு சிக் லீவு. புரிஞ்சுதா? கார்டு குடுத்தேன்னு வெளியே சொன்னா ஜெயில், அப்புறம் எக்சிட், திரும்பி வரவே முடியாது. சுப் ரஹோ பாய்." நான் தலையை ஆட்டினேன். சுப் ரஹோ என்றால் சும்மா இரு. அதைவிட எனக்குத் தோதான வேலை உண்டா மச்சான்?

உன்னை வைத்த பெட்டி ஊருக்குப் போன இரண்டாம் மாதம் எனக்கு லீவு கிடைத்தது. நீ வாங்கிக் கொடுத்த லீவுதான் அது. மகள் என்னைப் பார்த்து வீறிட்டு அழுதாள். ஒரு வாரம் கழித்து உன் வீட்டுக்கு வரலாம் என்று பெரம்பலூரிலிருந்து கிளம்பினேன். மதுரை மாட்டுத்தாவணி வரைக்கும் வந்துவிட்டேன். முதுகுளத்தூர் பஸ் நின்றது. கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார். உன் பாண்டியம்மா முகத்தில் எப்படி முழிப்பது? பஸ் போனதும் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். பஸ் கிடைக்கவில்லை என்று வீட்டில் சொன்னேன்.

நான் இங்கே வந்த பிறகு பாண்டியம்மா நம்பரிலிருந்து மிஸ்டு கால் வந்தது. மச்சான் பெண்டாட்டி எனக்குத் தங்கச்சி முறை என்று நீதானே சொல்லிவைத்தாய். ரோட்டோர பூத்தில் நின்று, போன் கார்டு போட்டுத் திரும்பக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஊருக்கு வந்தீங்களாமே. இங்கிட்டு ஒரு எட்டு வரலையே. கம்பி திருடப்போன எடத்துல விழுந்துட்டாருனு இங்க பேசுறாக. பள்ளிக்கூடத்துல பயலைக் கேலி பண்றாங்களாம். அன்னைக்கு ஆஃப்பு, ரூம்லதான் இருப்பேன்னு எங்கிட்டச் சொன்னாரு. பெறகு ஏண்ணே போனாரு?"

மச்சான், கார்டில் இன்னும் பதினோரு நிமிஷம் இருந்தது. "கார்டு முடியப்போவுது தங்கச்சி, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த மிஸ்டு கால்களை எல்லாம் நான் தொடவேயில்லை. திட்டிக்கொள். நானும் தினம் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ போய் நாலு மாதம் கழித்துப் புது சேஃப்டி ஆபீசர் வந்தார். கேரத் சார். ஐம்பத்தைந்து வயசிருக்கும், சிவந்த மூக்கு. இங்கிலீஷ்காரரா என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். இல்லை, நான் வேல்ஸ், அது வேறே நாடு, எங்கள் மொழி வேறே என்பார். உன்னைப் பார்த்து எல்லோரும் கேரளாவா என்று கேட்கும்போது உனக்குச் சுருங்குமே, அதே சுருக்கம்.

இந்த நவம்பரில் அவர் சட்டையில் சிவப்புக் காகிதப்பூ ஒன்றைக் குத்திக்கொண்டு வந்தார். கல்யாணமா சார் என்று கேட்டேன். உட்கார் என்றார். ஸ்டோர்கீப்பர் பாபு சேட்டன் பாதியைத் தமிழில் சொன்னார், மீதியை நானே புரிந்துகொண்டேன்.

அவர் ஊர் மலை ஊர். கூரைக்குப் போடும் கற்பலகையை வெட்டியெடுக்கும் ஊர். நடுவில், பஸ் நிற்கிற இடத்தில், ஒரு கல் நிற்கிறதாம். இரண்டு பெரிய யுத்தங்களிலும் செத்துப்போன அந்த ஊர் ஆட்களின் பெயர்கள் அதில் வெட்டியிருக்கும், அவர்கள் மொழியிலேயே. பாதிப் பேருக்கு ஒரே பெயர் என்பதால் பக்கத்தில் வீட்டுப் பெயரையும் போட்டிருப்பார்களாம், எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியவேண்டுமே. வருஷா வருஷம் நவம்பரில் இந்தப் பூவைக் குத்திக்கொண்டு ஊரே கூடி நின்று பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பிறகு இரண்டு நிமிஷம் யாரும் பேச மாட்டார்கள்.

ஒரு பெயர் மட்டும் முதலில் அதில் இல்லை. சண்டையில் விஷப்புகை குடித்து, வீட்டுக்குத் திரும்பி, இரண்டு வருஷம் இருமிச் செத்தவன். யுத்தத்தில் சாகவில்லையே, வீட்டில்தானே செத்தான் என்று கமிட்டிக்காரர்கள் விட்டுவிட்டார்கள். அவன் அம்மா ஒவ்வொரு வருஷமும் கூட்டத்துக்கு வருமாம். எல்லாப் பெயரும் வாசித்து முடித்ததும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, தன் மகன் பெயரையும் வீட்டுப் பெயரையும் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போகுமாம். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த அம்மா செத்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான் கல்லில் அந்தப் பெயர் ஏறியது. அடியில், புது எழுத்தில்.

மச்சான், இவருக்கு ஏதோ தெரிந்துபோச்சு, அதனால்தான் என்னிடம் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கட்டடத்தில் செத்தவர்களுக்கும் ஒரு பலகை வைக்கப்போகிறேன், நீதான் எழுதவேண்டும் என்றார். மேனேஜர் முதலில் முடியாது என்றாராம். லேபர் கேட்டுக்கு உள்பக்கம், கட்டடம் முடிகிறவரைக்கும் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார். கேரத் சார் கையில் ஆபீஸ் கொடுத்த லிஸ்ட் இருந்தது. நாலு பெயர். பெயருக்குப் பக்கத்தில் ஊர்ப்பெயரும் வேண்டும் என்று ரூம் ரூமாகப் போய்க் கேட்டுவந்தார். நம் ரூமுக்கு வரவில்லை. வரக் காரணமில்லையே, நீதான் லிஸ்ட்டில் இல்லையே.

பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. நாலு வரிக்குக் கோடு போட்டேன். என்ன ஆச்சு என்று தெரியவில்லை, அளந்து பார்த்தால் ஐந்து வரிக்குப் போட்டிருக்கிறேன். அழிக்கவும் கை வரவில்லை, எழுதவும் தைரியமில்லை. அடியில் ஏன் காலி என்று கேரத் சார் கேட்டார். "பெயிண்ட் ஒழுகும் சார்" என்றேன். வாய்க்கு வந்த பொய்.

நேற்றுப் பதினோரு மணிக்கு, டீ பிரேக்கில், கேட்டுக்குப் பக்கத்தில் முப்பது பேர் கூடினோம். கேரத் சார் சிமெண்ட் மிக்சர் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஹெல்மெட்டைக் கழற்றினோம். டைம்கீப்பரும் ஓரமாக நின்றார். பாபு சேட்டன் பெயரும் ஊருமாக நாலையும் வாசித்து முடித்தார். கேரத் சார் தலையைக் குனிந்தார்.

என் தொடை வெடவெடவென்று ஆடியது. சும்மா நின்றால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும், அப்புறம் டீ, அப்புறம் வேலை. அந்த அம்மா ஞாபகம் வந்தது. அதைவிட, கார்டில் மிச்சமிருந்த அந்தப் பதினோரு நிமிஷம் ஞாபகம் வந்தது.

"காளிமுத்து. முதுகுளத்தூர்." என் குரல்தான். கீச்சென்று வந்தது.

டைம்கீப்பர் என்னை முறைத்துப் பார்த்தார். கேரத் சார் அசையவில்லை. இரண்டு நிமிஷமும் முடிந்த பிறகுதான் என் பக்கம் வந்து, யார் அது என்று கேட்டார். அவருடைய கன்டெய்னர் ஆபீசில் உட்கார்ந்து, பாபு சேட்டன் நடுவில் நின்று சொல்ல, எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். காய்ச்சல், கார்டு, கஞ்சி, உன் கையிலிருந்த போர்டு.

அவர் என்னிடம் பூசி மெழுகவில்லை. "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் உனக்குக் கெடுதல் வரலாம். என்னால் தடுக்க முடியுமா என்று தெரியவில்லை. வேண்டாம் என்றால் இப்போதே போய்விடு, நீ சொன்ன எதையும் நான் கேட்கவில்லை" என்றார். மச்சான், உண்மையைச் சொல்கிறேன், எழுந்துவிட்டேன். கதவு வரைக்கும் போனேன். உன் மகனைக் கேலி பண்ணுகிறார்கள் என்று பாண்டியம்மா சொன்னது காதில் விழுந்தது. திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன். இரண்டு காப்பி. ஒன்று ஆபீசுக்குப் போயிருக்கிறது. ஒன்று என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய் ஐந்தாவது வரியை எழுதினேன். மற்ற நாலும் இங்கிலீஷ் எழுத்து, உன்னுடையது மட்டும் தமிழ். யாரும் கேட்கவில்லை. புது டப்பாப் பெயிண்ட், மேலே உள்ளதைவிடக் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது. கேரத் சார் பார்த்துவிட்டு, எங்கள் ஊரிலும் இப்படித்தான் இருக்கும் என்றார். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை, நம்பு.

நாளைக்கு என்ன ஆகும்? பலகையைக் கழற்றிவிடுவார்களா? போலீசைக் கூப்பிடுவார்களா? பாஸ்போர்ட் ஆபீசில் இருக்கிறது, ஓடவும் முடியாது. ஓட எனக்குத் தெரியவும் தெரியாது. நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நேபாளி கஞ்சி வைத்துக் கொடுத்தான். இரண்டு வாய் குடித்தேன், உப்பு அதிகம்.

நீ இருந்திருந்தால் முதுகில் ஒரு அடி போட்டு, "போடா, என்ன தலையையா எடுத்துருவானுங்க" என்று சொல்லியிருப்பாய். அதைச் சொல்ல இங்கே ஆளில்லை. அதனால் நானே சொல்லிப் பார்த்தேன். பயம் குறையவில்லை.

ஆனால் ஒன்று சத்தியம் மச்சான். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் ரோட்டுக்குப் போய்ப் புதுக் கார்டு வாங்குவேன். நாளைக்கு அவர்கள் கேட்பதற்கு முன்னால் பாண்டியம்மா இதைக் கேட்டாக வேண்டும். அவள் என்னைத் திட்டினாலும், சபித்தாலும், அழுதாலும், கார்டு தானாகத் தீர்கிறவரைக்கும் நான் வைக்க மாட்டேன். ஜெயிலில் போட்டால் வெளியே வந்ததும், எக்சிட் அடித்து அனுப்பினால் ஊரில் இறங்கியதும், இந்த முறை மாட்டுத்தாவணியில் டீ குடிக்க நிற்க மாட்டேன். முதுகுளத்தூர் பஸ் ஏறுவேன். உன் மகனைப் பள்ளிக்கூடத்துக்கு நானே கூட்டிப்போய், அவன் கூட்டாளிகள் எல்லோர் முன்னாலும் சொல்வேன்: இவன் அப்பா எனக்குக் காய்ச்சல் என்று என் வேலைக்குப் போனவர், அவர் கையில் இருந்தது நான் எழுதிய போர்டு.

அப்போதும் என் தொடை ஆடும். நீ கண்டுகொள்ளாதே.

பாண்டியம்மாவுக்கு அண்ணன்,
உனக்கு எப்போதும் மாப்ள,
தங்கராசு