பொட்டு வைத்த பொத்தான்

வேங்கிக்கால்,
9.11.2004

அன்பு மகள் அறிவுமதிக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சிங்கப்பூரில் சுகமாக இருக்க அண்ணாமலையார் துணை இருக்கட்டும். இங்கே நான் சுகம் என்று எழுதிவிடலாம், அம்மாவைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. வலது கை விழுந்தது விழுந்தபடிதான் கிடக்கிறது. கால் கொஞ்சம் அசைகிறது. பேச்சு இன்னும் வரவில்லை, ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள், வெறும் சத்தம் வருகிறது, தன் மேலேயே கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எதிர்வீட்டு எல்லம்மாள் காலையில் வந்து குளிப்பாட்டித் தலைவாரிப் பொட்டு வைத்துவிட்டுப் போகிறாள், அவள் நன்றாக இருக்கவேண்டும். இந்த வாரம் தீபாவளி, அது முடிந்தால் தீபத்துக் கூட்டம், மழையும் விட்டு விட்டுப் பெய்கிறது. நம் வீட்டில் எதுவும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேற கம்பெனி கனெக்‌ஷன் வாங்கிக் கொடுத்திருந்தா அம்மா விழுந்த அன்னிக்கு லைன் கிடைச்சிருக்கும்ப்பா, என் மேலதான் தப்புன்னு சொன்னாய். நல்லதாக ஒரு புது செல்போன் அனுப்பப் போவதாகவும் சொன்னாய். அனுப்பாதே. நீ வாங்கிக் கொடுத்த போனில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு லைனும் இருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும், உன் குரலைக் கேட்டுக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் போஸ்ட் ஆபீஸ் போய்க் கவர் வாங்கி வந்து எழுதுகிறேன்.

போன வருஷம் நீ வந்தபோது பச்சை பேசறதுக்கு, சிவப்பு வைக்கறதுக்குன்னு பத்து தடவை சொல்லிக் கொடுத்தாய். என் மண்டையில் ஏறவில்லை. முப்பத்தோரு வருஷம் ஆபீஸ் கோப்புகளோடு மாரடித்தவன் நான். அவசரம் என்றால் மேலே சிவப்புச் சீட்டு இருக்கும், அதைப் பார்த்தால் மற்றதை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு அதைத்தான் முதலில் எடுக்கவேண்டும். சிவப்பு என்றால் உடனே செய், அதுதான் எனக்குத் தெரிந்த அர்த்தம். போன் அடித்தால் விரல் தானாகச் சிவப்புக்குப் போகும், கட்டாகிவிடும். எந்தப் பொத்தான் எங்கே இருக்கவேண்டும், என்ன நிறத்தில் இருக்கவேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைவதுதான் உன் வேலை என்று மாப்பிள்ளை சொன்னபோது, இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்கன்னு சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அம்மா என் அவஸ்தையை ரெண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் தன் பொட்டு அட்டையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்துப் பச்சைப் பொத்தான் மேல் ஒட்டிவிட்டாள். பொட்டு வச்சத மட்டும் அழுத்துங்க, ரெண்டு வாட்டி அழுத்தினா காசி ஆட்டோவுக்குப் போயிடும்னு சொன்னாள். கடைசியாக யாரைக் கூப்பிட்டோமோ அவருக்கே மறுபடி போகுமாம், நாங்கள் கூப்பிடுவது காசியை மட்டும்தானே. அந்தப் பொட்டு இருந்தவரை நான் ஒரு தடவைகூடத் தப்பாக அழுத்தவில்லை. நீ சொல்லி எனக்கு வராததை அவள் ஒரு பொட்டில் வரவழைத்துவிட்டாள்.

அந்தப் பொட்டை எடுத்தது நான்தான் மகளே. பென்ஷனர் சங்கக் கூட்டத்தில் சுப்பிரமணி, என் பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவன், என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னா பலராமா, போனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, பொட்டெல்லாம் வச்சிருக்கேன்னு கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. வரும் வழியிலேயே நகத்தால் சுரண்டி எறிந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அதற்கு மூன்றாம் நாள் ஆவணிப் பௌர்ணமி. பகல் மூன்று மணிக்கு அவள் சமையல்கட்டில் விழுந்தாள், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. போனை எடுத்தேன். கண் சிவப்பைத் தேடியது, சிவப்பு இருந்தது, அழுத்தினேன். சத்தம் வரவில்லை என்று விடாமல் அழுத்தினேன், போன் அணைந்தே போனது. அதை மறுபடி எப்படிப் போடுவதென்று தெரியவில்லை. பக்கத்து மனைகள் எல்லாம் காலி, எல்லம்மாள் வீடும் பூட்டிக் கிடந்தது. ரோட்டுக்கு ஓடினேன், ஆட்டோக்கள் எல்லாம் கிரிவலப் பாதைக்குப் போயிருந்தன. ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேன்னு டாக்டர் சொன்னார். பௌர்ணமிக் கூட்டம், லைன் கிடைக்கலன்னு சொல்லிவிட்டேன். அதையே உனக்கும் சொன்னேன். நான் கலெக்டர் ஆபீஸாண்டதான் இருந்தேன் சார், அஞ்சு நிமிஷத்துல வந்திருப்பேனேன்னு காசி தலையில் அடித்துக்கொண்டான். அவனிடமும் அதே பொய்தான்.

நீ அழுத அன்று சாயங்காலமே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண் சிமிட்டாமல் என்னையே பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், கஞ்சியும் குடிக்கவில்லை. நேற்றுக் காலை எல்லம்மாள் போன பிறகு இடது கையை நீட்டிப் போனைக் காட்டினாள். கொடுத்தேன். தன் நெற்றியில் இருந்த பொட்டைப் பிய்த்துப் பச்சைப் பொத்தான் மேல் வைத்து அழுத்தினாள். மன்னித்துவிட்டாளா, இல்லை இன்னொரு தடவை விழுந்தால் என்ன ஆகுமோ என்று பயந்தாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்டாலும் அவளால் சொல்ல முடியாது. வெறும் நெற்றியோடு அவள் படுத்திருப்பதைப் பார்க்க முடியாமல் அட்டையிலிருந்து இன்னொரு பொட்டை எடுத்து நானே வைத்துவிட்டேன். கோணலாகப் போய்விட்டது.

தப்பு உன்னுடையது இல்லை, இனி அதை நினைத்து அழாதே. என் மேல் கோபம் வந்தால் கோபப்படு, ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதை மட்டும் நிறுத்திவிடாதே, அம்மா விடிந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். உன் வீட்டில் அவசரத்துக்கு எந்த நம்பர் என்று குழந்தைக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக எழுதி ஒட்டிவை, பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். நீ கூப்பிட்டால் எடுக்கப் போவது நான்தான். பொட்டைத்தான் அழுத்துவேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா
பலராமன்