கண்வலிக்கிழங்கு

கார்த்திகை, செவ்வாய் இரவு.

தூக்கம் வரவில்லை. இன்று நானும் என் நண்பன் சேகரும் கல்வராயன் மலையில் காட்டுச் செடிகளை வீடியோ எடுத்தோம். சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்த ஒரு கொடியைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் விடாமல் பார்க்கும் சர்வைவல் சேனலில் வந்த அதே கொடி! "நண்பர்களே, இதுதான் கண்வலிக்கிழங்கு!" என்று கேமராவில் கத்தினேன். விஷம் என்று அடுத்துச் சொல்ல இருந்தேன். அதற்குள், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியலாம், இதுதான் கடைசி பஸ் என்று கண்டக்டர் கூப்பிட்டதும் ஓடிவிட்டோம்.

சேகர் ஒரு கிழங்கைப் பையில் போட்டதை நான் பார்க்கவில்லை. ராத்திரி போன் செய்தான்.

"டேய் சர்வைவலு, எங்கம்மாவுக்குக் கண்ணு வலிடா. அந்தக் கிழங்க அரைச்சு வெச்சிருக்காங்க."

"இன்னாடா சொல்ற? அது விஷம்டா!"

"தலைவலித் தைலம் தலைவலிக்குத்தானடா? அப்ப இது இன்னாத்துக்கு?"

போனை அவன் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"குடிச்சிட்டீங்களாம்மா?"

"இல்ல சாமி. காலைல வெறும் வயித்துல குடிக்கலாம்னு பால்ல கலக்கி வெச்சிருக்கேன்."

"இப்பவே கொட்டுங்கம்மா!"

"சரி சரி, கொட்டிட்டேன், போ" என்று சிரித்தார்.

கொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். சேகரின் ஊரான வடக்கனந்தலுக்கு இந்நேரம் பஸ்ஸும் இல்லை. அந்தம்மா கோழி கூவுவதற்கு முன்பே எழுந்துவிடுவார். விடியும்வரை என்னால் காத்திருக்க முடியாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தே கிளம்புகிறேன்.