பாலிஷ் பட்டறையின் சுருதி

1980 நவம்பர் 3, திங்கள்

இன்றும் பாலிஷ் சக்கரத்தில் முள்கரண்டிதான். ஏப்ரனுக்கு மேல் சுற்றிக் கட்டிய பழுப்புக் காகிதம் மத்தியானத்திற்குள் நார்நாராகிவிட்டது. மூக்கைச் சிந்தினால் கறுப்பு, காதைக் குடைந்தால் கறுப்பு. ஷெஃபீல்ட் முள்கரண்டி பளபளவென்று யார் வீட்டு மேசைக்கோ போகிறது, அதைத் தேய்த்தவள் அடுப்புக்குள் கிடந்து எழுந்த பூனை மாதிரி பஸ் ஏறுகிறாள். "கண்ணு, சீட்ல பேப்பரை விரிச்சுட்டு உட்காரு" என்றார் கண்டக்டர். விரித்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆற்றோரத்தில் மூடிக்கிடக்கும் கத்திப் பட்டறையின் மாடியில் ஒத்திகை. குளிரில் விரல் மடங்கவில்லை. ஆனால் செய்தி நல்ல செய்தி.

எங்கள் குழுவின் பெயர் 'டூ டு டென்'. ஆலையில் மத்தியான ஷிப்ட் இரண்டு மணியிலிருந்து பத்து மணிவரை, அதையே பெயராக வைத்துக்கொண்டோம். மூன்றே பேர். கீத் டங்வொர்த் எஃகு ஆலையில் எலக்ட்ரீஷியன், எங்கள் சின்தசைசர் இரண்டையும் அலமாரிப் பலகைமேல் அவனே கட்டினான். ஏட்ரியன் பெரிய தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை, பாடுகிறவன் அவன்தான். நான் ஒரு ஓரமாக நின்று கட்டை அழுத்துகிறவள். டிரம்முக்கு ஆள் இல்லை, டேப் ரெக்கார்டர் அடிக்கிறது. ஒத்திகைக்கு நேரத்தோடு வருகிற ஒரே ஆள் அதுதான்.

டிசம்பர் 20, நகர மண்டபத்தில் முதல் குழுவாக வாசிக்க எங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஏட்ரியன் அனுப்பிய டேப்பைக் கேட்டுவிட்டு லண்டன் ரெக்கார்டு கம்பெனி ஆள் ஒருவரும் அன்றைக்கு வருகிறாராம். நம் ஊர்க் குழுக்கள் ஏற்கனவே ரேடியோவில் வருகின்றன. அதில் ஒருத்தன் எங்கள் தெருமுனைக் கடையில்தான் மீனும் சிப்ஸும் வாங்குவான், வினிகர் அதிகம் கேட்டுச் சண்டை போடுவான். அவனால் முடிந்தது எங்களால் முடியாதா என்ன?

எனக்கு இது வேண்டும். வெளியில் சொல்ல வெட்கம், இங்கே எழுதிவைக்கிறேன். வேண்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

ஏட்ரியன் போய்விட்டான். பாவி. கதவிடுக்கில் ஒரு சீட்டு — லண்டனில் வேறொரு குழு கூப்பிட்டதாம், தபால் நிலையத்தில் லீவு போட்டிருக்கிறானாம், மன்னித்துவிடுங்களாம். நேரில் சொல்ல வாய் வரவில்லை. இவன் பாடகன்!

நவம்பர் 26, புதன்

மண்டபத்துக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றேன் கீத்திடம். அவன் டீயைக் கலக்கிக்கொண்டே, "நீ பாடேன்" என்றான்.

"நானா? நான் எங்க பாடறேன்?"

"பட்டறையில நாள் முழுக்கப் பாடறியே."

"அங்க எல்லாரும்தான் பாடறோம். சும்மா நின்னா தூங்கி வழிஞ்சு விரலைச் சக்கரத்துல விட்டுருவோம். அதெல்லாம் பாட்டா?"

"பாடுன்னா பாடேன். வேற ஆள் இருக்கா?"

இல்லைதான். அதற்காக?

நவம்பர் 30, ஞாயிறு

அவமானம். ஏட்ரியன் மாதிரி மெல்லமாக, சோகமாகப் பாடிப் பார்த்தேன். ஜலதோஷம் பிடித்தவள் போல் இருந்தது. சத்தமாகப் பாடினேன். அப்போது சுருதி சேரவில்லை. "கொஞ்சம் தூக்கலா நிக்குது" என்றான் கீத். இறக்கினேன். இரண்டு வரி நின்றது, பிறகு தானாக ஏறிக்கொண்டது. நான்கு மணி நேரம் இதே கூத்து. கடைசியில் மைக்கைக் கீழே போட்டுவிட்டு வந்துவிட்டேன். இதற்கு டேப் ரெக்கார்டரையே பாடச் சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 4, வியாழன்

என்ன நாள் இது!

மைக்கைப் போட்டுவிட்டு வந்ததற்குச் சமாதானம் பேச, சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்பே கீத் பட்டறைக்கு வந்துவிட்டான். வாசலில் அவன் நிற்பதை நான் பார்க்கவில்லை. பெல்ட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன, நாங்கள் ஏழு பேரும் வரிசையாக நின்று தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தோம். எனக்கு அடுத்த சக்கரம் எட்னாக்காவுடையது. முப்பது வருடமாக இங்கே தேய்க்கிறவள், வாயும் கையும் ஒரே வேகம். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"அடியே ஜானிஸ், வாசல்ல உன் ஆளு. பேயறைஞ்ச மாதிரி நிக்கிறான், ஒரு சேர் போடு."

"என் ஆளு இல்லக்கா. எங்க குழுவுல வாசிக்கிறவன்."

"யாரா இருந்தா என்ன, முகம் வெளுத்துக் கெடக்கே."

கீத் எங்கள் பேச்சைக் கவனிக்கவே இல்லை. பையிலிருந்து சுருதி பார்க்கிற இரும்புக் கவையை எடுத்து முழங்கையில் தட்டிக் காதில் வைத்துக்கொண்டான். எங்கள் பாட்டைக் கேட்டான். மறுபடி தட்டினான். "நிறுத்தாதீங்க, பாடுங்க" என்று கத்தினான். ஏழு பேரும் அதே தூக்கலில்தான் பாடிக்கொண்டிருந்தோம், மயிரிழை மாறவில்லை. பிறகு சக்கரங்களைச் சுற்றுகிற மோட்டாரின் பக்கத்தில் காதை வைத்தான். அதன் ரீங்காரமும் அதே இடத்தில் நின்றது.

"உனக்குச் சுருதி இல்லேன்னு நெனச்சேன்" என்றான். "உன்கிட்ட இருக்கிற மாதிரி இந்த ஊர்ல எவன்கிட்டயும் இல்ல. எட்டு வருஷமா மோட்டார் சுருதியிலயே பாடிப் பழகியிருக்கே. அதை விட்டு எறங்க மாட்டேங்கிற."

"அப்போ நான் என்ன பண்ணணும்?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். சின்தசைசரைத்தான் உன் சுருதிக்கு ஏத்தணும். ஒரு திருகுதானே."

எட்னாக்கா சக்கரத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அதைக் கண்டுபிடிக்க அய்யாவுக்கு ஒரு வாரம் ஆச்சாக்கும்."

டிசம்பர் 7, ஞாயிறு

ஏற்றிவிட்டான். இரண்டு சின்தசைசரையும் என் சுருதிக்குக் கொண்டுவந்தான், டேப்பின் வேகத்தையும் ஒரு துளி கூட்டினான். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பட்டறையில் பாடுகிற மாதிரியே பாடினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீத் சிரித்தான். இத்தனை வருடப் பழக்கத்தில் அவன் பல்லை இன்றுதான் பார்க்கிறேன்.

டிசம்பர் 18, வியாழன்

மாடி ஏறினால் ஏட்ரியன் உட்கார்ந்திருக்கிறான். என் முக்காலியில்.

லண்டன் குழு பத்து நாளிலேயே அவனைக் கழற்றிவிட்டதாம். நாளை மறுநாள் நம்மோடு பாடுகிறேன் என்கிறான், நேற்று விட்டு இன்று வந்தவன் மாதிரி. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்: "யோசிச்சுப் பாருங்க. அந்த ஆள் கேட்டது என் குரலைத்தான். மேடையில இவ நின்னா, இது யாருன்னு கேட்டுட்டு அடுத்த ரயில்ல ஏறிப் போயிடுவாரு. எல்லாருக்கும்தான் நஷ்டம்."

அதுதான் வலித்தது. ஏனென்றால் அது உண்மை. நானும் பத்து நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டு படுக்கிறேன்.

கீத் சின்தசைசர் பக்கத்தில் நின்றான். கையில் ஸ்க்ரூடிரைவர். "திருகைத் திருப்பினா பழைய இடத்துக்கு வந்துரும்" என்றான், யாரையும் பார்க்காமல். பிறகு என்னைப் பார்த்தான்.

நான் சொன்னேன்: "திருப்பிக்கோ. ஆனா பழையபடி ஓரமா நின்னு கட்டை அழுத்த இனிமே நான் வரமாட்டேன். நான் பாடறேன், இல்ல வீட்டுக்குப் போறேன். இவன் பாடினாத்தான் அந்த ஆளுக்குப் பிடிக்கும்னா பிடிக்கட்டும். நான் நல்லாப் பாடறேன் கீத். எனக்கே தெரியுது."

இதை நானா சொன்னேன்?

கீத் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "சனிக்கிழமை வந்து கேளு, ஏட்ரியன்" என்றான். அவ்வளவுதான். ஏட்ரியன் எழுந்து போனான். படியில் அவன் இறங்குகிற சத்தம் நின்ற பிறகுதான் என் முக்காலியில் உட்கார்ந்தேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

நேற்று நடந்ததை எங்கிருந்து எழுதுவது?

இரண்டாயிரம் பேர். எங்களைப் பார்க்க வந்தவர்கள் இல்லை, பிறகு வரப்போகிற பெரிய குழுவுக்காக வந்தவர்கள். நான் நடுவில் வந்து நின்றதும் முன்வரிசையிலிருந்து ஒருத்தன், "ஏட்ரியன் எங்க?" என்று கத்தினான். சிலர் அதைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள்.

மேல்மாடத்திலிருந்து எட்னாக்காவின் குரல். அந்தக் குரலுக்கு மைக் எதற்கு? "தபால் பெட்டிக்குள்ள கெடப்பான், போய்க் கையை விட்டுப் பாரு கண்ணு."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பட்டறை ஆறு பேரும் வேலையில் தலைக்குக் கட்டுகிற அதே சிவப்புக் கைக்குட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கீத்துக்குச் சைகை காட்டவில்லை, டேப்புக்கும் காத்திருக்கவில்லை. முதல் வரியைத் தனியாக எடுத்தேன். இரண்டாவது வரியில் கீத் வந்து சேர்ந்தான். சுருதி ஒட்டிக்கொண்டது, பிசிறே இல்லை. பீர் வாங்கப் போனவர்கள் வாசலிலேயே நின்றார்கள். மூன்றாவது பாட்டில் இரண்டாயிரம் பேரும் கால் தட்டினார்கள், மேடை என் காலடியில் குதித்தது. இறங்கவே மனமில்லை. ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டேன் என்று உள்ளே ஒன்று கத்திக்கொண்டே இருந்தது.

லண்டன்காரர் மேடைக்குப் பின்னால் எங்களைத் தேடி வந்தார். மெலிந்த ஆள், நல்ல கோட்டு.

"டேப்ல பாடினது வேற ஆளுங்களா?"

"ஆமா" என்றான் கீத். பொய் சொல்ல அவனுக்குத் தெரியாது.

அவர் என்னைப் பார்த்தார். "அந்த டேப்பைத் தூக்கிப் போட்டுருங்க. ஜனவரியில வர்றீங்களா?"

1981 ஜனவரி 14, புதன்

லண்டனில் ரெக்கார்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று.

ஏப்ரல் 16, வியாழன்

ரேடியோவில் நாங்கள். அம்மா இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்டாள், அப்பாவின் சட்டையில் முக்கோணமாக ஓட்டை. யாரும் திட்டவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

பட்டறையில் கடைசி நாள். அழமாட்டேன் என்று பந்தயம் கட்டியிருந்தேன், தோற்றேன். எட்னாக்காவும் தோற்றாள்.

மே 12, செவ்வாய்

அடுத்த வாரம் ஹாலந்தில் நான்கு ஊரில் கச்சேரி. ஒரு வருட பாஸ்போர்ட்டைப் பெரிய தபால் நிலையத்திலேயே கொடுப்பார்கள், வாங்கப் போனேன். வரிசை நகர நகரத்தான் கவனித்தேன், அந்தக் கவுண்டரில் ஏட்ரியன். பக்கத்து வரிசைக்கு மாறிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. மாறவில்லை.

அவன் படிவத்தை வாங்கி, முன்பின் தெரியாதவளிடம் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டான். பிறந்த ஊர். ஷெஃபீல்ட். உயரம். ஐந்தடி இரண்டு. அடுத்த கட்டத்தில் அவன் விரல் நின்றது. தொழில் என்ற இடத்தில் பழக்க தோஷத்தில் 'பாலிஷ் தொழிலாளி' என்று எழுதியிருந்தேன்.

அளவுகோலை வைத்து அதை ஒரே கோடாக அடித்தான். அதற்கு மேல் தன் பேனாவால் 'பாடகி' என்று எழுதினான். நிதானமாக, நல்ல கையெழுத்தில். பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பினான்.

"திருத்தின இடத்துல கையெழுத்துப் போடு ஜானிஸ். இல்லேன்னா செல்லாது."

போட்டேன்.