செம்புக்கும் எவர்சில்வருக்கும் நடுவில்

ஜூன் 9, திங்கள்

கத்திரி முடிந்தும் வெயில் அடங்கவில்லை. ஒலக்கூரில் ரயிலேறி திண்டிவனத்தில் இறங்கினேன். லேசர் பட்டறையில் என் ஆய்வுக்கான கடைசித் துண்டுகள். ஒரு பக்கம் செம்புத் தகடு, மறுபக்கம் எவர்சில்வர். இரண்டையும் பற்றவைக்க வேண்டும்.

மெஷின் ஓட்டும் குமார் அண்ணன்: "கண்ணாடி போட்டியாம்மா? கண்ணு போச்சுன்னா ஒங்க மேடம் என்னத்தான் புடிச்சிக்கும்."

ஒரு புள்ளி ஒளி. இமைப்பதற்குள் கோடு முடிந்தது. அதற்குள்ளேயே உலோகம் உருகி, ஓடி, சுழன்று, உறைந்தும் விடுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் வியப்பு தீரவில்லை.

வாங்க: எமரித் தாள், பஞ்சு, அம்மாவுக்கு மூட்டுத் தைலம்.

வெள்ளி ரிவியூ. வெளித்தேர்வாளர் கையெழுத்துப் போட்டால் ஆய்வேட்டைக் கொடுக்கலாம். இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம். உலோகம் எப்படி உருகும் என்று கணக்கிட்டு வரைந்த கணினிப் படம் தயார். அறிக்கையும் அவருக்குப் போய்விட்டது. கேள்வி கேட்டால் பேச வேண்டுமே, அதுதான் பயம்.

ஜூன் 10, செவ்வாய்

விழுப்புரம், கல்லூரி லேப். துண்டைக் குறுக்கே வெட்டி, தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். சாம்பல் நிற எவர்சில்வருக்குள் செம்புச் சுழிகள். கேப்பைக் கூழில் மோர் ஊற்றி ஒரே ஒரு சுற்று கலக்கினால் வருமே, அப்படி. கண்ணை எடுக்க மனசில்லை.

பிறகுதான் உறைத்தது. என் கணினிப் படத்தில் செம்பு உருகவே இல்லை.

கூடப் படிக்கும் கோட்டக்குப்பம் ரஃபீக்: "படம் சூப்பரா கீது. எவன் பாக்கப் போறான்? சும்மா பேஜாரு பண்ணாத."

ரயிலில் யோசித்தேன். இரண்டு பக்கமும் ஒரே உலோகம் என்றால் பாதியை மட்டும் கணக்கிட்டு, மறுபாதியை அப்படியே திருப்பி வரைந்துகொள்ளலாம். லேபில் எல்லோரும் அப்படித்தான். நானும் செம்பைத் தனியாக, எவர்சில்வரைத் தனியாக ஓட்டி, இரண்டு படத்தையும் ஒட்டினேன். அப்படிச் செய்தால் நடுக்கோட்டை வெப்பம் கடக்காது. உருகியதும் கடக்காது.

செம்பு தன் பங்கு வெப்பத்தை உடனே தகடு முழுக்கப் பரப்பிவிடுகிறது. அதனால் தானாக உருகாது. எவர்சில்வர் விடாமல் வைத்துக்கொண்டு உருகி, சூடான நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடி, செம்பைத் தொட்டு அதையும் உருக்குகிறது. என் படத்தில் அதற்கு வழியே இல்லை. சுவர் வைத்தது நான்.

அம்மா, கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறித்துவிட்டு வந்த களைப்பில்: "செம்பு அடி போட்ட எவர்சில்வர் குண்டான் கடையிலயே விக்கிறான். இதுக்காடி ரெண்டு வருஷம்?" சிரித்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

ஆய்வு வழிகாட்டி மேடம் அறை வாசல் வரை போய்ப் போய்த் திரும்பினேன். உள்ளிருந்து குரல்: "வா, கதவு கடிக்காது."

நடுவில் சுவர் வைத்ததைப் பாதி சொன்னேன். மைக்ரோஸ்கோப் படத்தை நீட்டினேன். என் கணினிப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒன் படத்த நானுந்தான் இத்தன நாளா பாத்துக்கினு இருந்தேன். செம்பு ஏன் உருகலன்னு ஒருவாட்டி கூட கேக்கலையே நான்."

பெரிய இடத்தில் இருக்கும் யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"ரெண்டையும் சேத்து முழுசா ஓட்டு."

"வெள்ளிக்குள்ள முடியாது மேடம்."

"ரிவியூல முடியலன்னு சொல்லு. சுவர் வச்சதயும் சொல்லு. நீதான் பேசணும், நான் வாயே தொறக்க மாட்டேன்."

தூக்கம் வரவில்லை.

ஜூன் 12, வியாழன்

முழு மாதிரி ஓடுகிறது. எறும்பு வேகம். ரஃபீக் தன் வேலையை நிறுத்திவிட்டு வேகமான கணினியைத் தந்தான்.

"நாளைக்கு நீ பேசலன்னா பிரியாணி வாங்கித் தரணும்."

"பேசினா?"

"அப்பவும் நீதான்."

ஜூன் 13, வெள்ளி

மேகம் மட்டும். மழை இல்லை. மாதிரி பாதிகூட முடியவில்லை.

தேர்வாளர் அறிக்கையில் பழைய படத்தைப் பார்த்து, "அழகா வந்திருக்கு" என்றார். பேனாவை எடுத்தார். மேடம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அது தப்பு."

என் குரல்தான். சுவரைப் பற்றிச் சொன்னேன். சுழிகளைக் காட்டினேன். லேசர் பேனாவின் சிவப்புப் புள்ளியை ஒவ்வொரு சுழியாக நகர்த்தினேன்.

"அப்ப செம்ப உருக்கினது எது?"

"பக்கத்துல உருகி ஓடியாந்த எவர்சில்வர், சார்."

பேனாவை மூடினார். "புதுப் படத்த அனுப்பும்மா. அதுல செம்பு உருகியிருந்தா கையெழுத்து. இல்லன்னா இன்னொரு ரிவியூ."

வெளியே வந்ததும் மேடம் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சாயங்கால ரயில். பேரணி ஸ்டேஷன் தாண்டும்போது ரஃபீக்கிடமிருந்து திரையின் போட்டோ. நடுக்கோட்டைத் தாண்டிச் செம்புப் பக்கம் ஒரு சின்னச் சிவப்பு நாக்கு. கீழே: "உருகினு கீது. பிரியாணி."