கதவு மூடும் வரை ஓர் இருக்கை

உன்னுடைய அந்தத் தோல் கையுறைகளை இன்று வெளியே எடுத்தேன். டெக்சாஸ் பிளானோவில் ஆகஸ்ட் வெயில், பேக்யார்டில் கால் வைத்தால் சுடுகிறது, இதில் பனிக்குப் போடும் கையுறை! அலமாரியைத் திறந்ததுமே அந்தப் புகை வாசனை. மூஸ் மானின் தோலை விறகுப் புகையில் காட்டிப் பதப்படுத்தியது, எத்தனை வருஷம் ஆனாலும் வாசனை போகாது என்று அலட்டிக்கொள்வாயே, நிஜம்தான், போகவே இல்லை. என் மகள் மாடியிலிருந்து, "அம்மா, ஆர் யூ பர்னிங் சம்திங்?" என்று கத்தினாள். "இல்லடி, உன் ஆன்ட்டி வந்திருக்கா" என்றேன்.

நீ போன பிறகு உன் வீட்டுக்காரர் உன் பொருள்களையெல்லாம் எடுத்து வைத்தபோது இதை மட்டும் என்னிடம் கொடுத்தார். "இது உங்ககிட்ட இருக்கறதுதான் சரி" என்றார். பாவம், அவருக்கு முழுக் கதையும் தெரியாது. இந்தக் கையுறை உனக்குக் கிடைத்ததற்கு மூல காரணமே நான் செய்த தப்புதான்.

நமக்கு என்ன வேலை? விமானக் கம்பெனிகளுக்கு டிக்கெட் விற்கும் மென்பொருள். இங்கே பிளானோ ஆபீசில் உட்கார்ந்து நான் கோட் எழுதுவேன். நீ அதைக் கம்பெனிக்காரர்களிடம் கொண்டுபோய் ஓட்டிக் காட்டி, கடைசியில் கையெழுத்துப் போட்டு ஒப்படைப்பாய். காலி சீட்டைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். கடைசி நேரத்தில்கூட ஆள் தேடி விற்றுவிடும் என் புரோகிராம். "உன்னைக் கல்யாணப் பந்தியில நிக்க வைக்கணும்டி, ஒரு இலைகூட காலியா விட மாட்ட" என்று கேன்டீனில் எல்லார் முன்னாலும் கிண்டல் செய்வாய். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த வடக்கத்திக் கம்பெனி வந்தது. கனடாவின் வடகோடியில், ரோடே போகாத ஊர்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்தால் அதன்மேல் ஒரு பாதை போடுவார்கள், மற்ற நாளெல்லாம் விமானம்தான். அந்த ஊர்ப் பூர்வகுடி மக்களே சேர்ந்து சொந்தமாக நடத்தும் கம்பெனி. மாவு, பால், டயாபர், ஸ்கூல் டீச்சர், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், எல்லாம் அந்தச் சின்ன விமானங்களில்தான். ஜனவரியில் போக யாரும் கை தூக்கவில்லை, நீ தூக்கினாய். மதுரை வெயிலில் வளர்ந்தவளுக்கு என்ன திமிர்!

அங்கே இருந்த மூன்று வாரமும் தினம் எனக்குப் போன். ஒரு ஊரின் விமான கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்ளும் டோரினைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு. நம் வழக்கப்படி நீ வாய் தவறி அவரை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுவிட்டாய். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "என்ன?" என்றாராம். "இங்கயும் பெரியவங்க எல்லாரும் ஆன்ட்டிதான்டி! நம்ம ஊருக்கே வந்த மாதிரி இருக்கு" என்று குதித்தாய்.

இரண்டாவது வாரம் வந்த போனில் அந்தக் குதிப்பு இல்லை.

"உன் கோட் கதவோர சீட்டை வித்துடுச்சுடி."

"விக்கத்தானே எழுதினேன்?"

"அந்த சீட்டை இவங்க விக்கவே மாட்டாங்களாம். கதவு மூடற வரைக்கும் காலியா வச்சிருப்பாங்க. அவசரமா யாராவது வருவாங்கன்னு."

"அவங்க குடுத்த ரிக்வயர்மென்ட் லிஸ்ட்ல இல்லையே. ஏன் சொல்லல?"

"நாம கேக்கல. சோறு திங்கறதுக்கு முன்னாடி கை கழுவுவோம்னு நீ எங்கயாவது எழுதிக் குடுப்பியா?"

அன்று மத்தியானம் ஒரு பெண் ஓடி வந்திருக்கிறாள். நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்திருக்கிறார், அம்மாவுக்கு நேரம் நெருங்கிவிட்டது, உடனே வா என்று. பனிப்புயல் வருகிறது, இதை விட்டால் இரண்டு நாளைக்கு விமானம் கிடையாது. ஸ்க்ரீனில் விமானம் ஃபுல். டோரின் ஆன்ட்டி கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே விமானத்துக்கு நடந்து, படியேறிக் கதவருகே நின்றிருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் சொன்னாராம். மூன்று பேர் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார்கள்.

"உன் புரோகிராம் தப்பை அவங்க சரி பண்ணிட்டாங்க" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. தப்பை ஒத்துக்கொள்வேனா நான்? "அதான் சரியாயிடுச்சில்ல, விடு" என்றேன்.

நீ விடவில்லை. மறுநாள் கான்ஃபரன்ஸ் காலில் டைரக்டர், ஒரு கஸ்டமருக்காக எதையும் மாற்ற முடியாது, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பி வா என்றார். ஒரு சீட்டைச் சும்மா போடுவதற்கு அவர்கள் முதலாளி எப்படிச் சம்மதித்தார் என்றும் கேட்டார். "அங்க வரிசையில நிக்கிறவங்கதான் சார் முதலாளி" என்று அவருக்குப் புரியும்படி இங்கிலீஷில் சொன்னாய். பிறகு, கையெழுத்துப் போட முடியாது என்றாய்.

உடனே உனக்குப் போன் போட்டேன். "லூசாடி நீ? கிரீன் கார்டு பாதியில நிக்குது. வேலை போனா அறுபது நாள்ல மூட்டை கட்டணும். பையன் ஸ்கூல் என்ன ஆகறது?"

"எங்கப்பாவுக்கு முடியலைன்னு போன் வந்த அன்னைக்கு என்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?" என்று கேட்டாய்.

நான்தான். மறக்குமா? கவுன்ட்டர் கவுன்ட்டராக நடந்தோம், எல்லாம் ஃபுல். நீ ஏதோ ஒரு கவுன்ட்டர் பெண்ணிடம் கையெடுத்துக் கும்பிட்டாய், உன் குளிர் ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். எங்கெங்கோ மாறி மாறி நீ மதுரை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. இந்த நாட்டில் இருக்கும் நம்மில் ஒவ்வொருவருக்கும் அந்த போன் என்றைக்கோ ஒருநாள் வரும். அதையெல்லாம் கண்ணால் பார்த்தவள்தான், ஆபீசுக்குப் போய் ஒரு சீட்டையும் விட்டுவைக்காத புரோகிராம் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஒரு சீட்டை மட்டும் கடைசி வரை விற்காமல் நிறுத்தி வைக்கும்படி, சனி ஞாயிறு உட்கார்ந்து மாற்றி எழுதினேன். உன்னைப் போல நேருக்கு நேர் நிற்கும் தைரியம் எனக்கு இல்லை, அதனால் திங்கட்கிழமை டைரக்டரிடம் போய், "புது வசதி சார், சின்ன ஏர்லைன் யார் வேணாலும் ஆன் பண்ணிக்கலாம்" என்று ஒரு போடு போட்டேன். மனுஷர் தானே யோசித்தது மாதிரி தலையாட்டினார். உன் வேலை தப்பியது.

அதிலும் நமக்குச் சண்டை. சீட்டை நிறுத்தி வைத்தால் 'யாருக்காக' என்று ஒரு கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று எழுதியிருந்தேன். "யாருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சா அது எதுக்குடி காலி சீட்டு?" என்றாய். அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டேன். நீ கையெழுத்துப் போட்டாய். கிளம்பும் நாளில் டோரின் ஆன்ட்டி தன் கையாலேயே தைத்த இந்தக் கையுறைகளை உன் கையில் மாட்டிவிட்டார்.

அப்புறம் வருஷங்கள் ஓடின. கிரீன் கார்டு வந்தது, கொண்டாடினோம். உனக்கு உடம்புக்கு வந்தது, அதைப் பற்றி எழுதப் போவதில்லை. கீமோவுக்கு நான் கார் ஓட்டிப் போன நாளிலெல்லாம் என் டிரைவிங்கைத் திட்டினாயே, அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

நீ போன செய்தியை டோரின் ஆன்ட்டிக்கு நான்தான் எழுதினேன். மறுவாரம் வழக்கமான சோதனைக்காக அவர்கள் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். எப்போதும் வெறுமையாகவே இருக்கும் 'யாருக்காக' கட்டத்தில், ஒரே ஒரு நாள், ஒரே ஒரு விமானத்தில், உன் பெயர். அதற்குக் கீழே, கதவு மூடுவதற்குச் சற்று முன்னால் யாரோ ஒருவர் அந்த சீட்டில் ஏறிப் போன பதிவு. உன் பெயரை அழிக்காமலே ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். யார் போனார்கள், எதற்குப் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதேன். அழுதுகொண்டே பெருமையாகவும் இருந்தது. 'அது என் தோழி' என்று எழுந்து நின்று எல்லாரிடமும் கத்தலாம் போல இருந்தது.

இப்போது உன் நாற்காலியில் நான் இருக்கிறேன். கையெழுத்துப் போடுவது என் வேலை. இன்று காலை புது மேனேஜர், கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனுஷர்தான், பழைய வசதிகளைக் கழிக்கும் பட்டியலைக் கொண்டுவந்தார். "சீட்டை நிறுத்தி வைக்கற இந்த வசதியை ஒரே ஒரு ஏர்லைன்தாங்க யூஸ் பண்றாங்க. 'யாருக்காக'ங்கற ஃபீல்டும் பிளாங்க்கா கிடக்குது. ரிமூவ் பண்ணிடலாம், சைன் பண்ணிடுங்க."

"நான் சைன் பண்ண மாட்டேன்" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க? அந்த சீட்டு யாருக்கு?"

"இன்னும் தெரியலைங்க" என்றேன். "கதவு மூடலையே."

அவர் பேனாவை எடுத்துக் கழிக்கும் பட்டியலிலிருந்து அந்த வரியை அடித்துவிட்டார். வீடு வந்ததும் உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. அதனால்தான் அலமாரியைத் திறந்தேன். ஆகஸ்ட் மாதத்தில், உன் கையுறைகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்டி.