சாமி வந்தால் நாடி எப்படி ஓடும்?

20-4-81
கயத்தாற்று உரக்கடையில் வேலை முடிந்து திரும்பினால் வீட்டில் பேண்ட் போட்ட ஒருவர். பெயர் பூவனநாதன். மதுரையில் மனோதத்துவ ஆராய்ச்சியாம். சாமி இறங்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். நாடி, உள்ளங்கை வியர்வை எல்லாம். விரலில் கம்பி கட்டினால் முள் ஆடுகிற பெட்டி ஒன்றும் வைத்திருக்கிறார்.

எங்கள் சுடலைச் சாமி கோவிலுக்குச் சாமியாடிகள் இரண்டு பேர். மூத்தவர் சோலை அண்ணாச்சி, இளையவன் நான். கூடவே உட்கார்ந்திருந்த அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தாராளமாக் கட்டிப் பாருங்க சார், ரெண்டு பேருக்கும்" என்றார்.

எனக்கும் சேர்த்து வாக்குக் கொடுக்க இவர் யார்? வெற்றிலை போட்டபடியே அவர் கையை நீட்ட, பூவனநாதன் எங்கள் இருவர் நாடியையும் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

21-4-81
எனக்குச் சாமி வந்ததே இல்லை. அப்பா செத்த வருடத்துக் கோவில் கொடையில் தீப்பந்தப் பொறி காலில் விழுந்ததில் துள்ளினேன். "அப்பனுக்கு வந்த சாமி மகனுக்கும் வந்துட்டு!" என்று ஊரே திருநீற்றை அள்ளிப் பூசியது. சுட்டுவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். குலவைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? அன்று முதல் நடிப்புத்தான்.

பெட்டி காட்டிக் கொடுத்துவிட்டால் ஊரில் தலை காட்ட முடியுமா?

1-5-81
வயிற்றுவலி, இந்த வருடம் ஆட முடியாது என்று மனைவி சங்கரம்மாளிடம் சொல்லிப் பார்த்தேன். "சாமி பாத்துக்கிடும். நீங்க கஞ்சியக் குடிங்க" என்கிறாள்.

இந்தச் சித்திரை வெயிலில் உள்ளங்கை யாருக்குத்தான் வேர்க்காது? ஆனால் நாடி?

9-5-81
நேற்று கொடை. மேளம் சாமியை அழைக்கிறது. இருவரும் பீடத்துக்கு முன்னால் நிற்கிறோம், ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. பூவனநாதன் முதலில் அண்ணாச்சிக்குப் பார்த்துவிட்டு என் விரலில் கம்பியைச் சுற்றி, மணிக்கட்டைப் பிடித்தார். போச்சு, மானம் போச்சு! கை கால் வெடவெடவென்று உதறிற்று. கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்த வருசம் சாமி ரொம்ப உக்கிரம்லா!" என்று யாரோ சொன்னார்கள்.

17-5-81
பூவனநாதன் வந்தார். எங்கள் இருவரையும் தனியே உட்காரவைத்துச் சொன்னார். எனக்கு நாடி இருமடங்கு, முள் கடைசிவரை போய்விட்டதாம். "இதை நடிக்க முடியாது சார்" என்று கையைக் குலுக்கினார்.

அண்ணாச்சிக்கு, வீட்டில் வெற்றிலை போடும்போது என்ன நாடியோ அதே நாடி.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

18-5-81
அண்ணாச்சி கடைக்கே வந்துவிட்டார். ஆள் இல்லாத நேரம் பார்த்து மெல்லக் கேட்டார்: "ஏலே ராமசுப்பு, சாமி வாரப்ப உள்ளுக்குள்ள எப்படிலே இருக்கும்?"

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஆடுகிறவர். என்னிடம் கேட்கிறார்! சிரிப்பதா அழுவதா?

"பயமா இருக்கும் அண்ணாச்சி" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அண்ணாச்சி உர மூட்டைமேல் உட்கார்ந்தார். "எனக்குப் பயமே வந்ததில்லலே" என்றார். எழுந்து போகும்போது, "அடுத்த கொடைக்கு நீ முன்னால நில்லு. நான் பின்னால நிக்கேன்."

ஐயோ! நெஞ்சு இப்போதே அடித்துக்கொள்கிறது.