மலைக்காரி தூங்கிய காலை

ஆகஸ்ட் 26, செவ்வாய்

டைரியே, இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். ஏழு மாதக் குழந்தை தூங்கும்போது தாயும் தூங்கிவிட வேண்டும் என்கிறார்கள். எனக்குத்தான் முடியவில்லை. மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். வருகிறது. கையை எடுத்ததும் மறுபடி சந்தேகம்.

இன்று அத்தை பார்த்துவிட்டார்கள். "வெரல வச்சு வச்சே புள்ள மூக்கச் சப்பையாக்கிப்புடுவ போலயே. நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவுக கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆகஸ்ட் 28

அவர் கண்டனூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு சீரியல் லைட் போடப் போயிருக்கிறார். பூட்டியே கிடந்த வீடு, வயரையெல்லாம் எலி கடித்துவிட்டதாம். வேலை முடியும்வரை அங்கேதான். போகும்முன் என் போனில் ஒரு கேம் ஏற்றிக் கொடுத்தார். "சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல. சும்மா நடக்குறதுதான். தூக்கம் வரலைன்னா போட்டுப் பாரு."

ஒரு பெண். முதுகில் துணியால் கட்டிய குழந்தை. பனிமலையைத் தாண்ட வேண்டும். அதில் பேச்சே இல்லை, அவளுக்குப் பெயரும் இல்லை. மலைக்காரி என்று நானே வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 29

இதை எப்படி எழுதுவது...

பாப்பா சிணுங்கினாள் என்று போனை அப்படியே வைத்துவிட்டுத் தட்டிக்கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால், மலைக்காரி தானாகவே ஒரு பாறையில் உட்கார்ந்து, குழந்தையை மடிக்குக் கொண்டுவந்து, அதன் மூக்கருகே விரலை வைக்கிறாள். விரல் நுனியை அல்ல. மடக்கிய விரலின் வெளிப்பக்கத்தை. அங்கேதான் காற்று நன்றாகத் தெரியும். எனக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

யார் இதைச் செய்தது? எந்த ஊர், என்ன பாஷை பேசுகிறவர்? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கியிருக்கிறார். அவரும் ஒரு ராத்திரி இப்படி விழித்துக் கிடந்தாரா? அப்படியென்றால் நான் மட்டும் இல்லையா?

வேண்டுமென்றே போனைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி வைத்தாள். மறுபடி.

ஆகஸ்ட் 30, சனி

மாடிப்படியில் இறங்கும்போது, பாப்பா இடுப்பில் இருக்க, கண் சொக்கிவிட்டது. ஒரு நொடிதான். கைப்பிடி கையில் அகப்பட்டது. இல்லையென்றால்? நினைக்கவே முடியல. யார்ட்டயும் சொல்லல.

சாயங்காலம் திருப்பத்தூரிலிருந்து அக்கா போன் செய்தாள். "நல்லா இருக்கியாடி?"

"நல்லாத்தான் இருக்கேன்க்கா."

செப்டம்பர் 1

மலையுச்சிக்கு வந்துவிட்டோம். மலைக்காரி தடுமாறுகிறாள், விழுகிறாள். எழுப்பினால் இரண்டு அடியில் மறுபடி விழுகிறாள். நான் என்ன தப்புச் செய்கிறேன்? வேறு வழி தேடினேன், மெதுவாக நடத்தினேன், ஒன்றும் பலிக்கவில்லை. அப்புறம்தான் அவள் இடுப்பில் தொங்கிய கொம்பைத் தொட்டுப் பார்த்தேன். இவ்வளவு நாளும் அதை நகை என்று நினைத்திருந்தேன்.

ஊதினாள். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. கீழேயிருந்து ஒரு விளக்கு ஏறி வந்தது. இன்னொரு பெண். மலைக்காரி முடிச்சை அவிழ்த்தாள், குழந்தையைக் கொடுத்தாள், படுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் ஒன்றும் நடக்கவில்லை. வந்தவள் குழந்தையோடு அங்குட்டும் இங்குட்டும் நடக்கிறாள். தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாளோ என்று கண்ணை எடுக்காமல் பார்த்தேன். ஓடவில்லை. மலைக்காரி கண்ணைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பனியின் மேல் வெயில் விழுந்து ஏறியது. அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். இத்தனை தைரியமாக ஒருத்தி தூங்கி நான் பார்த்ததில்லை. கும்பிடத் தோன்றியது.

செப்டம்பர் 2

அவர் வந்துவிட்டார். அந்தக் காட்சியைக் காட்டினேன். "தூங்குறதப் போயி யாராச்சும் வேடிக்கை பாப்பாகளா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். போனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாடிப்படியில் நடந்ததைச் சொன்னேன்.

செப்டம்பர் 3

அக்காவுக்கு அனுப்பியது:

"அக்கா, நல்லா இருக்கேன்னு சொன்னது பொய். பாப்பா பொறந்ததுலருந்து நான் சரியாத் தூங்கல. சனிக்கிழமை அவளையும் வச்சுக்கிட்டுப் படியில விழப் பாத்தேன். டாக்டர்கிட்டப் போகணும். இவுகளும் வாறேன்றாக, ஆனா எனக்கு நீ கூட இருக்கணும். காலை பஸ்ஸுல வாறியா? நீ பாப்பாவ வச்சுக்க, நான் கொஞ்சம் தூங்குறேன். சீக்கிரம் பதில் போடுக்கா."